இருபத்தேழாம் இலக்கம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி முடிந்தால் எங்கள் கடற்கரைத் தெருவில் ஓர் ஆம்பிளையைக் காண ஏலாது. சைக்கிள் கடைக்காரன் பாதி காற்றடித்த டயரைப் போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பான். தேத்தண்ணிக் கடையில் கேத்தல் தனியே கொதித்துக்கொண்டிருக்கும். கச்சான் காலத்தில் இன்னும் மோசம். மேற்கே நற்பிட்டிமுனை வயல் பக்கமிருந்து வருகிற அந்தச் சுடுகாற்று மணலை அள்ளி வாசல்களில் எறியும், படலைகளை ஆட்டிப் பார்க்கும், பிறகு கடலுக்குப் போய்விடும். கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று என்பதால் அலை எழும்பாது. கடல் சத்தமில்லாமல் தகரத் தகடு மாதிரிக் கிடக்கும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் இருபத்தேழாம் இலக்கம் வரும்.

கடற்கரையோரப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. கூட்டுவது, தண்ணி இறைப்பது, மணி அடிப்பது, கதவு பூட்டுவது. அரசாங்கக் காசில் பள்ளிக்கூடங்களுக்கு வைஃபையும் டெப் என்கிற கைக்கணினியும் கொடுக்கிற திட்டம் எங்களுக்கும் வந்தபோது, கம்பம் நடக் குழி வெட்டினதும் நான்தான். கடல் மணலில் குழி வெட்டுவது லேசான வேலை இல்லை. ஒரு முழம் தோண்டினால் இரண்டு முழம் சரிந்து விழும். அடியில்லாத தார்ப் பீப்பாயை இறக்கி, அதற்குள் நின்று மணலை வாரி மேலே எறிந்து, பீப்பாயை அமத்தி அமத்திக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆளுயரம் போனதும் காலடியில் தண்ணி ஊறியது. மூன்று நாள் என் இடுப்பு நிமிரவில்லை. கம்பத்தின் தலையில் இரண்டு வெள்ளைப் பெட்டி. ஒன்று வகுப்புகளைப் பார்த்தது. மற்றது வெளிமுற்றத்தை, அதாவது கடலைப் பார்த்தது.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டெப். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் பெயரும் ஓர் இலக்கமும். காசு கொடுக்கிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கொடுத்த சாமான் சும்மா கிடக்கப்படாது. எந்த டெப் எந்த நாள் எத்தனை மணிக்குக் கம்பத்தோடு தொடர்புபட்டது என்று கிழமைக்கொரு பட்டியல் எடுத்து, எல்லாரும் காண ஒட்ட வேண்டும். கணினி அறைக்குப் பொறுப்பான றஜீவன் சேர் பட்டியலை அடித்துத் தருவார். காரைதீவு ஆள், இரண்டாம் தவணை லீவுக்குப் பிறகு எங்களிடம் மாற்றலாகி வந்தவர். வயதுக்கு மூத்தவன் என்று என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். நான் பசை பூசி ஒட்டுவேன். ஒட்டிவிட்டு விரலை வைத்து ஒவ்வொரு பேராக வாசிப்பேன். நாற்பத்து மூன்று வயதில் பள்ளிவாசல் இரவு வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். தெரிந்த பிள்ளைகளின் பேரை அச்செழுத்தில் கண்டால் தெருவில் ஆளையே கண்டதுபோல ஒரு சந்தோசம்.

அந்த விரல்தான் நபீலாவின் வீட்டைக் கலைத்தது.

நபீலா என் வேலிக்கு அங்கால். அவள் புருசன் முனாஸ் சின்ன ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவன். ஒரே மகள் றிப்னா, பத்தாம் ஆண்டு. முனாஸ் கடைசியாகப் போன பின்னேரம் நான் வேலிக்குக் கிடுகு கட்டிக்கொண்டு நின்றேன். அவன் மகளின் டெப்பும் கையுமாக வாசலுக்கு வந்தான்.

"என்ன முனாஸ், பொழுதுபடுற நேரம் டெப்பத் தூக்கிட்டு. பள்ளிக்கூடம் போறயா?"

"ஓம் காக்கா, பத்தாம் ஆண்டுல சேந்துட்டன். மகள்தான் டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாட்டி உம்மாக்கிட்டச் சொல்லிக் குடுப்பாவாம்."

"ஒன்ன ஆர் பாஸ் பண்ணுற?"

"கடல்தான் பாஸ் பண்ணணும். என்ட போட்டு ஜீபிஎஸ் மெசின் பழுதாப் பெய்த்து காக்கா, தெச காட்டுதில்ல. இதுல சிக்னல் இல்லாட்டியும் நாம நிக்கிற இடத்துல ஒரு நீலப் பொட்டு நிக்குமாம்."

உள்ளே இருந்து றிப்னா கத்தினாள். "வாப்பா! தண்ணி பட்டா எனக்குத்தான் ஏச்சு விழும்!"

"படாது மனே. ஒன்ட வாப்பா நனைஞ்சாலும் இது நனையாது."

மூன்று சொப்பிங் பேக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு முடிச்சுப் போட்டான். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அன்று தனியே போனான். அடுத்த நாள் விடியவில்லை என்று சொல்ல மாட்டேன், விடிந்தது. போட்டுகள் எல்லாம் வந்தன. முனாஸின் போட் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், தெற்கே பாணமைக் கடலில் ஒரு போட் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். அவனுடையதுதான். அவன் உடல், மையித்து, கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் உலமாக்களும் நம்பிக்கையாளர் சபைக்காரரும் இரண்டு நாள் இருந்து கதைத்தார்கள். ஆள் இல்லாமல் போட் கிடைத்த பிறகு வேறு முடிவு எடுக்க ஏலாது என்றார்கள். மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. நபீலா வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். அந்நிய ஆம்பிளையின் கண் அவள்மேல் படக்கூடாது. கோதுமை மாப் பசை காய்ச்சி, சீமெந்துப் பேக் கடதாசியைக் கிழித்து, அவளுடைய அறையின் காற்றுத் துவாரங்களை வெளியிலிருந்து நான்தான் ஒட்டி மூடினேன். பதினாறு துவாரம். கடைசித் துவாரத்தை மூடுகிறபோது உள்ளே யாரோ மூச்சு இழுத்தது கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு நபீலா என்றால் திரைக்குப் பின்னால் ஒரு குரல் மட்டும்தான். றிப்னாவும் உம்மாவுக்குத் துணையாகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

இத்தா மூன்றாம் மாதம் போய்க்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை பட்டியலை ஒட்டிவிட்டு விரல் வைத்து வாசித்தேன். இருபத்தாறு வாசித்தேன். இருபத்தேழு. றிப்னா முனாஸ். வெள்ளி. பன்னிரண்டு ஆறு முதல் ஒன்று இருபத்தொன்பது வரை.

மூன்றுதரம் வாசித்தேன். எழுத்து மாறவில்லை. றஜீவன் சேரிடம் போனேன்.

"சேர், இந்த இருபத்தேழு கடலோட போன டெப்பெல்லோ?"

அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "ஓம் நானா, தொலைஞ்சு போச்சு எண்டு முந்தி இருந்த சேர் எழுதி வச்சிருக்கிறார். ஆனா வெள்ளிக்கிழமை வந்திருக்கு."

"எங்க வந்திரிக்கு?"

"இஞ்சதான். எங்கட கம்பத்துக்கு. நூற்றைம்பது யார் தூரத்துக்குள்ள நிண்டிருக்க வேணும்."

"ஆர் கொண்டு வந்த?"

"அத இது சொல்லாது நானா. வந்ததச் சொல்லும், போனதச் சொல்லும்." அவர் தலையைச் சொறிந்தார். "திட்டத்துக் கந்தோருக்கு எழுதிக் கேக்கிறன். அவங்கட பதில் வர நாளெடுக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க ஏலவில்லை. கிழமை முடிந்து கழற்றிய பட்டியலை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு, என் பொஞ்சாதி மைமூனாவையும் கூட்டிக்கொண்டு நபீலா வீட்டுக்குப் போனேன். மைமூனா உள்ளே போனாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் சாக்குக் கட்டிலில் இருந்து அந்த வரியை வாசித்தேன்.

திரை அசைந்தது. பிறகு குரல் வந்தது.

"இன்னொருக்கா வாசிங்க காக்கா."

வாசித்தேன்.

"பன்னெண்டு ஆறு எண்டா பாங்குக்கு முந்தியா, புறகா?"

"கொஞ்சம் முந்தி."

"ஜும்ஆ கலையக்குள்ள ஒண்டு இருபத்தொம்பது."

"ஓம்."

திரைக்குக் கீழால் ஒரு வெள்ளைக் கை வந்தது. கடதாசியைக் கொடுத்தேன். கை உள்ளே போனது. கடதாசியைத் தடவுகிற சத்தம் கேட்டது.

"அவர் ஒரு ஜும்ஆவ விட்டவர் இல்ல காக்கா. காய்ச்சலோடயும் போன மனிசன். ஜும்ஆவுக்கு வாறார். தொழுதிட்டுப் போறார்."

"அடியே, என்ன கத கதைக்கிறா நீ?" மைமூனா உள்ளே இருந்து ஏசினாள். "வாற மனிசன் வீட்டுக்கு வரமாட்டாரா?"

"எப்படி மதினி வாற? நான் இத்தாவுல இரிக்கன். அவர் எனக்கு மௌத்து எண்டு ஊர் எழுதி வச்சிரிக்கி. கதவும் பூட்டி, துவாரத்தையும் ஒட்டி அடைச்சிரிக்கி. எந்த வழியால வாற?"

மைமூனா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பி வெளியே வந்தாள்.

அடுத்த வெள்ளியும் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். நேரம் இரண்டு மூன்று நிமிசம் முன்பின்னே. மூன்றாம் பட்டியலை நான் கொண்டுபோன அன்று நபீலா வீட்டுக் காற்றுத் துவாரங்கள் திறந்து கிடந்தன. என் சீமெந்துக் கடதாசி கிழிந்து காற்றில் பறந்து வேலியில் ஒட்டியிருந்தது. நபீலா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் அம்மியில் கொச்சிக்காய் அரைத்தாள். நான் முகத்தைத் திருப்பினேன்.

"திரும்பத் தேவல்ல காக்கா. புருசன் ஹயாத்தோட இரிக்கிற பொம்புளைக்கு என்ன இத்தா? இரிங்க, பார மீன் ஆணம் வைக்கன். அவருக்குப் பிடிச்ச மாதிரி மாங்காய் போட்டு."

ஊரில் கதை பரவியது. பள்ளிவாசலில் கால் கழுவுகிற ஹவுள் தொட்டியடியில் உப்புப் படிந்த கால் தடம் கிடந்ததாம். கடைசி வரிசையில் உடுத்த சாரம் நனைந்த ஒரு மனிசன் நின்று தொழுததாக ஒரு பிள்ளை சொல்லிச்சாம். சிரித்துக்கொண்டுதான் கதைத்தார்கள். ஆனால் அந்த வெள்ளி கடைசி வரிசையில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை, ஆக்கள் முன்னுக்குப் போய் நெருக்கியடித்து நின்றார்கள். பள்ளிக்கூடத்து வேலை முடித்துப் பிந்தி வருகிற எனக்குக் கடைசி வரிசைதான் எப்போதும் வாய்க்கும். தனியே நின்றேன். ஸஜ்தாவுக்குக் குனியும்போது எனக்கு இடப்பக்கம் பாய் ஈரமாக இருந்ததுபோல கைக்குப் பட்டது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன். இடப்பக்கம் திரும்பத்தான் வேண்டும், திரும்பினேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன்.

நபீலாவின் கூடப்பிறந்த காக்கா காலிதீன் அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தான். சம்மாந்துறையில் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். உமித் தூசி தலையில் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் கதைத்தது எனக்கு வேலிக்கு இங்கால் கேட்டது.

"பள்ளியால என்னக் கூப்புட்டுக் கேக்காங்க, நபீலா. மச்சான் ஹயாத்து எண்டா ஆள் எங்க? மௌத்து எண்டா ஒன்ட தங்கச்சி ஏன் வெளியில? ஒண்டச் சொல்லு எண்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"பட்டியல்ல இரிக்கிறதச் சொல்லு."

"பட்டியல்! காத்துல வாறதுக்கெல்லாம் இத்தாவ முறிப்பாங்களா ஒருத்தி?"

"காத்துல வாறத நம்பித்தானே அரசாங்கம் அவ்வளவு பெரிய கம்பம் நட்டிரிக்கி? கந்தோர்ல அத நம்பலாம், நான் நம்பப்படாதா?"

"நீ கெட்டிக்காரியாக் கதைக்காத. ஊர் சிரிக்கிது."

"சிரிக்கட்டும். நீயும் முன் வரிசையில நிண்டு ஜனாஸா தொழுதாய்தானே. எனக்கு ஒரு மையித்தக் காட்டு. வேணா, ஒரு சாரத்தக் காட்டு. ஒரு சொப்பிங் பேக்கக் காட்டு. நான் இப்பவே வெள்ளையப் போட்டுட்டு உள்ளுக்குப் போறன்."

காலிதீன் தலையிலிருந்த உமித் தூசியைத் தட்டினான். பிறகு மெதுவாய்க் கேட்டான். "சோறு திண்டயா நீ?"

"அவர் வரட்டும்."

"அல்லாட காவல்," என்று சொல்லிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனான். தங்கச்சிக்காகக் கொண்டுவந்த பாண் பார்சல் படலைக் கட்டையில் தொங்கியது.

அடுத்த கிழமை வியாழக்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூடக் கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். றிப்னா வந்தாள். முந்தி துள்ளிக்கொண்டு திரிந்த பிள்ளை, கிழவி மாதிரி நடந்து வந்தாள்.

"மாமா, உம்மா கடலுக்குள்ள எறங்குறா."

"என்ன மனே?"

"வெள்ளிக்கிழம ஆம்புளைகள் எல்லாம் பள்ளிக்குப் போனபுறகு. மொதக் கிழம கணுக்கால் மட்டும். மறுகா முழங்கால். போன கிழம இடுப்பு. கம்பத்துல இருந்து நூத்தம்பது யார் அளந்து பாத்தா கரையத் தாண்டித் தண்ணிக்குள்ள போகுதாம். வாப்பா அதுக்குள்ளதான் எங்கயோ நிக்கிறாராம். கூச்சத்துல கிட்ட வராம நிக்கிறார், நான்தான் போகணும் எண்டு செல்றா."

"நீ தடுக்கல்லயா?"

"சோத்துப் பீங்கானப் பூன தொடாமப் பாரு எண்டு என்ன வீட்டுல இருத்திட்டுப் போறா. போனாக் கோவிக்கிறா." அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஒண்டு செல்லவா? உம்மாக்கிட்டச் செல்லாதீங்க. டெப்புல அந்த நீலப் பொட்டு நிக்கிற மேப்ப நான்தான் வாப்பாக்கு இறக்கிக் குடுத்தன். நான் இறக்கினது கரையோரம் மட்டும். அதுக்கு அங்கால போனா ஒண்டுமே வராது. வெறும் நீலமாத்தான் தெரியும்."

போட் கவிழ்ந்தது காற்றால் மனே, மேப்பால் இல்லை என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. நாளைக்கு நான் ஜும்ஆவுக்குப் போகாமல் கரையில் நிற்பேன், நீ போ என்று அனுப்பினேன்.

கச்சான் கரையிலிருந்து தள்ளுகிற காலத்தில் கழுத்துத் தண்ணிக்குப் போன ஆளை அது திருப்பித் தராது. நீந்தத் தெரிந்தவர்களுக்கே அப்படி. நபீலாவுக்கு நீந்தத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டது. நான் வகுப்புகளைக் கூட்டினேன். பிறகு கணினி அறைக்குப் போனேன். மேலதிக டெப்புகளும் வயர்களும் வைத்திருக்கிற இரும்பு அலுமாரி அங்கே இருக்கிறது. உப்புக் காற்றுக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்குது, வெள்ளிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் கதவைத் திறந்து சார்ஜ் சுவிச்சையும் போட்டு வையுங்க நானா என்று றஜீவன் சேர் வந்த கிழமையே சொல்லியிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் நான் திறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன், வந்து பூட்டுவேன். அதற்குள்ளே நான் குனிந்து பார்த்தது கிடையாது. அந்தச் சாமான்களில் கை பட எனக்குப் பயம்.

அன்று திறந்துவிட்டு ஓடாமல், நபீலா வருகிறாளா என்று பார்க்க அறை வாசலில் நின்றேன். பாங்கு சொல்லி முடிந்தது. தெரு காலியானது. குத்பாப் பிரசங்கமும் முடியப் போனது. மணல் மட்டும் தெருவில் ஊர்ந்து போனது. கொடிக் கம்பத்துக் கயிறு தட்டித் தட்டி நின்றது.

எனக்குப் பின்னால், யாருமில்லாத அறைக்குள், டிங் என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். அலுமாரியின் கீழ்த்தட்டு இருட்டுக்குள் ஒரு பெண் பிள்ளையின் முகம் வெளிச்சமாக இருந்தது. என்னையே பார்த்தது.

ஆயத்துல் குர்ஸியை ஓதினேன், பாதியில் மறந்து போனது. முட்டுக்கால் போட்டுக் குனிந்தேன். றிப்னா. வெள்ளைச் சீருடை, பள்ளிக்கூடத்தில் பிடித்த படம். படத்துக்குக் கீழே அவள் பேர். அதற்குக் கீழே இருபத்தேழு.

அப்போதுதான் எனக்கு லீவு நாள் ஒன்று ஞாபகம் வந்தது. திட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வேனில் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் மட்டும். அறையைத் திறந்து கொடுத்தேன். அலுமாரிக்குள் அரை மணித்தியாலம் ஏதோ செய்தார்கள். ஓர் இங்கிலிஸ் கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பெருவிரல் மை பூசி நாற்பது வருசம் திரிந்த எனக்குக் கையெழுத்துக் கேட்டால் பெரிய சந்தோசம். வாப்பாவின் பேரோடு சேர்த்து முழுசாக எழுதினேன். என்ன கடதாசி என்று கேட்கவில்லை. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஓர் இலக்கம்தான். இருபத்தேழு. தொலைந்ததற்குப் பதில் புதிது கொடுத்திருக்கிறார்கள், பழைய பேரிலேயே, பழைய இலக்கத்திலேயே. ஒரு பிள்ளையும் டெப் இல்லாமல் இருக்கப்படாது என்று. அந்தக் கடதாசியைச் சாவிக் கணக்கு எழுதுகிற திறப்புக் கொப்பிக்குள் வைத்தேன். முந்தி இருந்த சேர் லீவோடு மாற்றலாகிப் போய்விட்டார். புது சேருக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இரும்புக் கதவைச் சாத்தி, இடுக்கால் பார்த்தேன். டெப்பின் மூலையில் விசிறி போல இருந்த வைஃபை அடையாளம் அணைந்தது. திறந்தேன். வந்தது. சாத்தினேன். அணைந்தது. திறந்தேன்.

நான் பள்ளிக்குப் போக முந்தித் திறப்பேன். பன்னிரண்டு ஆறு. வந்து பூட்டுவேன். ஒன்று இருபத்தொன்பது.

வயரை இழுத்துக் கழற்றி டெப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் மணலில் ஓடுகிற ஓட்டம் ஓட்டமில்லை. கரைக்கு வந்தபோது நபீலா நெஞ்சளவு தண்ணியில் நின்றாள். பச்சை முக்காடு தண்ணியில் விரிந்து அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள், இருட்டறையில் ஆளைத் தேடுகிறவள் போல.

"நபீலா! புள்ள, நில்லு!"

காற்று என் குரலைக் கொண்டுபோய் அவளைத் தாண்டி எறிந்தது. அவள் திரும்பவில்லை. இன்னோர் அடி வைத்தாள். தோள் மறைந்தது. தண்ணிக்குள் இறங்கி நான் அவளைப் பிடிக்க முந்தி அவள் போய்விடுவாள் என்று தெரிந்தது.

டெப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன். உச்சி வெயில் கண்ணாடியில் பட்டுக் கடலில் ஒரு வெளிச்சத் துண்டு விழுந்தது. அதை ஆட்டி ஆட்டி அவளுக்கு முன்னால் கொண்டுபோனேன். அவள் கண்டாள். வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பினாள்.

தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுத எனக்கு எழுத்துப் போதாது. தண்ணியைக் கையால் விலக்கி விலக்கி வந்தாள். விழுந்தாள், எழும்பினாள், வந்தாள்.

"வந்துட்டாரா காக்கா? எங்க? பள்ளிக்குள்ள போயிட்டாரா? ஒங்கக்கிட்டத் தந்துட்டா போனார்?"

அவள் முழங்கால் தண்ணிக்கு வரும்வரை பேசாமல் நின்றேன். அது பொய்தான். வாயால் சொல்லாத பொய். பிறகு டெப்பை அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். நெஞ்சோடு அணைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மகளின் முகத்தைத் தடவினாள். தடவின விரல் நின்றது. கண்ணாடிக்கு மேலே கழற்றாமல் இருந்த மெல்லிய பொலித்தீன் தாளில் அவள் நகம் பட்டு ஓரம் எழும்பியது.

"இது நனையவே இல்ல," என்றாள்.

"ஓம்."

"ஒரு கீறலும் இல்ல."

"இது புதிசு, நபீலா. தொலைஞ்சதுக்குப் பதிலா அனுப்பினது. பள்ளிக்கூடத்து அலுமாரிக்குள்ள இரிந்திச்சு. வாங்கிக் கையெழுத்து வச்சது நான். வெள்ளிக்கிழமையில அலுமாரியத் துறந்து விடுறதும் நான்தான். எனக்கு இப்பதான் விளங்கிச்சு புள்ள. அல்லாவுக்காக, எனக்கு இப்பதான் விளங்கிச்சு."

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். மணலை அள்ளி எறிவாள் என்று நினைத்தேன். சட்டையிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்றாள்.

"அப்ப ஒவ்வொரு கிழமையும் வந்து வந்து போனது நீங்களா காக்கா?"

"ஓம்."

"ஜும்ஆவுக்கு வந்தது நீங்க."

"ஓம் புள்ள."

ஈரமில்லாத இடம் தேடி முக்காட்டின் ஓரத்தை எடுத்தாள். அப்படி ஓர் இடம் இல்லை. கையை மணலில் தேய்த்துக் காய வைத்து, டெப்பில் பட்ட தன் விரல் ஈரத்தைத் துடைத்தாள். பிறர் வீட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பள்ளிப் பக்கமிருந்து காற்றோடு ஆமீன் சத்தம் வந்தது. தொழுகை நடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு நிறையும். நபீலா தன்னைக் குனிந்து பார்த்தாள். பச்சைச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தாள்.

"ஜும்ஆ கலையப் போகுது," என்றாள். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "ஆம்புளைகள் என்னக் காணப்படா."

"ஓம், கெதியாப் போ."

அவள் போகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"காக்கா."

"சொல்லு புள்ள."

"நீங்களும் அங்கால திரும்புங்க."

நான் கடலைப் பார்த்துத் திரும்பினேன். எனக்குப் பின்னால் ஈர மணலில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காய்ந்த மணலில். பிறகு கேட்கவில்லை. பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உயிர் பிடித்தன. யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் வீட்டுக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் திரும்பாமல் நின்றேன்.